புது இணையதளமா? முகப்பைச் சரி பாருங்க!

பவானி ஜமக்காளம் விற்கத் தளம் தொடங்கிட்டீங்க. கூகுளில் தேடினா வரலையா? முகப்பின் தலைப்பைப் பாருங்க. பலர் அதை 'ஹோம்' என்றே விட்டுவிடுகிறார்கள். யாராவது 'ஹோம்' என்று தேடி ஜமக்காளம் வாங்குவாங்களா? 'பவானி கைத்தறி ஜமக்காளம் – நேரடி விற்பனை' என எழுதுங்க. விலை, முகவரியைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்க.

வேர்ட்பிரஸ் தளமா? அமைப்புகளில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்தால் மற்ற வேலையெல்லாம் வீண்.

பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, முகப்பை இண்டெக்ஸ் செய்யக் கேளுங்க. கட்டணம் கிடையாது. 'முதலிடம் உறுதி' என்று யாராவது போனில் பணம் கேட்டால் கொடுக்காதீங்க; அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பக்கம் தேடலில் வர சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம்.