மதத்தின் பெயரால் ஒரு கோடு: 1947 பிரிவினை விட்டுச் சென்றவை

உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் எங்களுக்கு 1947 என்பது மனனம் செய்ய எளிதான ஆண்டு. ஓகஸ்ட் 14 இல் பாகிஸ்தான், 15 இல் இந்தியா. இந்த இரண்டு திகதிகளையும் விடைத்தாளில் எழுதிவிட்டால் பிரித்தானிய இந்தியாவின் கதை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அத்திகதிகளுக்குப் பின்னர் நடந்தவற்றை வாசிக்கத் தொடங்கியபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. சமூகங்களுக்கிடையிலான பிணக்கைத் தீர்ப்பதற்காகவே எல்லை வகுக்கப்பட்டது என்றால், அதே எல்லையிலிருந்து ஏன் இத்தனை புதிய பிணக்குகள் பிறந்தன?

எனக்குக் கிடைத்த விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒரு மனிதருக்கு மதம் உண்டு, மொழியும் உண்டு, பிறந்த ஊர், தொழில், உறவுகள், சொந்த விருப்பம் என்பனவும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் அளவுகோலாக எடுத்து, "நீ இந்த நாட்டுக்குரியவர்" என்று பிறர் தீர்ப்புக் கூறும்போது, ஏனைய அனைத்தும் தீர்க்கப்படாமலேயே எஞ்சிவிடுகின்றன. எஞ்சியவையே பின்னர் பிரச்சினைகளாகின்றன. இதனைப் படிப்படியாக நோக்குவோம்.

எண்ணிக்கையில் தொடங்கிய பிரிவு

முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியரும் இந்தியாவில் நூற்றாண்டுக் கணக்கில் அயலவராக வாழ்ந்தவர்கள். அவர்களிடையே பூசலே இருக்கவில்லை என்று கூறுவது உண்மையாகாது. ஆயினும் நாடு முழுவதிலும் தன் மதத்தவர் எத்தனை பேர், அடுத்த மதத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஒரு சாதாரண விவசாயியிடம் இருக்கவில்லை. 1871–72 இல் ஆங்கிலேயர் நடத்திய குடிசன மதிப்பில் மதம் ஒரு வினாவாக இடம்பெற்றது. அதன்பின் பத்தாண்டுக்கொரு முறை அக்கணக்கு எடுக்கப்பட்டது. பெரும்பான்மை, சிறுபான்மை என்ற சொற்களுக்கு எண்கள் கிடைத்தன.

அந்த எண்கள் விரைவிலேயே அரசியலுக்குள் வந்தன. 1906 இல் முஸ்லிம் பிரமுகர்களின் தூதுக்குழு ஒன்று சிம்லாவில் அரசப் பிரதிநிதியைச் சந்தித்துத் தனிப் பிரதிநிதித்துவம் கோரியது. 1909 ஆம் ஆண்டின் மின்டோ–மோர்லிச் சீர்திருத்தம் அதனை வழங்கியது. அதன்படி முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆசனங்களுக்கு முஸ்லிம்கள் மாத்திரமே வாக்களித்தனர். சிறுபான்மையினரின் குரல் சபையில் ஒலிக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் அதன் செயற்பாட்டைக் கவனியுங்கள். தன் சமூகத்தின் வாக்கு மட்டுமே தேவைப்படும் வேட்பாளர் அடுத்த சமூகத்தின் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. அவர்களுக்கு எதிராகப் பேசினாலும் அவருக்கு ஒரு வாக்கும் குறையப்போவதில்லை.

நமது நாட்டிலும் இதற்கு நெருங்கிய முறையொன்று இருந்தது. சட்டநிரூபண சபையில் இனவாரியாக உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டனர். 1889 இல் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் கிடைத்து, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். ஆனால் 1931 இல் டொனமூர் அரசியல் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, சர்வசன வாக்குரிமையையும் தந்தது. இந்தியாவிலோ 1935 ஆம் ஆண்டுச் சட்டமும் தனித் தொகுதிகளைத் தொடர்ந்து வைத்திருந்தது. வாக்குரிமையும் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதி உடையோருக்கே இருந்தது. பாகிஸ்தான் கோரிக்கையின் பலத்தைக் காட்டிய 1946 தேர்தலில், பின்னர் வீடிழந்து நடந்த ஏழைகளில் பெரும்பாலானோர் வாக்களிக்கவே இல்லை.

பிரிவினையைக் கோரியோரின் அச்சத்தையும் நாம் நேர்மையுடன் பார்க்க வேண்டும். 1941 குடிசன மதிப்பின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். ஆளுக்கொரு வாக்கு என்ற ஆட்சியில் எந்நாளும் தோற்கும் தரப்பாகிவிடுவோமோ என்ற கவலை கற்பனையானதன்று. அந்தக் கவலையே 1940 இல் லாகூர்த் தீர்மானமாக உருவெடுத்தது. அதேவேளை மௌலானா அபுல் கலாம் ஆசாத் போன்ற முஸ்லிம் அறிஞர்கள் பிரிவினையை எதிர்த்தனர். முஸ்லிம்கள் குறைவாக வாழும் மாகாணங்களில் எஞ்சுவோர் முன்னரை விடப் பலவீனமடைவர் என்பது ஆசாத்தின் வாதம். ஆகவே "முஸ்லிம்கள் பிரிவினையை விரும்பினர்" என்று ஒரே வசனத்தில் விடையெழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

ஐந்து வாரத்தில் ஓர் எல்லை

எல்லையை வகுக்கும் பொறுப்பு சேர் சிரில் ரட்கிளிஃப் என்ற ஆங்கிலேயச் சட்டத்தரணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதற்கு முன்னர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8 ஆம் திகதி வந்திறங்கிய அவருக்கு, பஞ்சாப், வங்காளம் ஆகிய இரு பெரும் மாகாணங்களையும் பிரித்து முடிக்க ஏறக்குறைய ஐந்து வாரங்களே இருந்தன. அவருக்குத் துணையாக அமர்ந்த நீதிபதிகளுள் பாதிப் பேரைக் காங்கிரஸும் பாதிப் பேரை முஸ்லிம் லீக்கும் பிரேரித்திருந்தன. அவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்க, முடிவு அவர் ஒருவரின் கையிலேயே தங்கியது.

மதம் ஒன்றையே பார்த்துக் கோடு கிழிப்பது காகிதத்தில் எளிது. நிலத்தில் அது முடியவில்லை. கல்கத்தாத் துறைமுகத்துக்கு நீர் தரும் ஆற்றைக் காப்பதற்காக முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த முர்ஷிதாபாத் இந்தியாவுக்குப் போனது. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த குல்னா பாகிஸ்தானுக்குப் போனது. பௌத்தர்கள் பெருமளவில் வாழ்ந்த சிட்டகொங் மலைப்பிரதேசமும் பாகிஸ்தானுக்கே வழங்கப்பட்டது. சணல் விளையும் வயல்கள் கிழக்கு வங்காளத்தில் நின்றன. அச்சணலை நூற்கும் ஆலைகள் கல்கத்தாவைச் சுற்றி நின்றன.

எல்லை எங்கே என்பது ஓகஸ்ட் 17 ஆம் திகதியே பகிரங்கப்படுத்தப்பட்டது. அதாவது சுதந்திரக் கொடி ஏறி இரண்டு நாட்கள் கழிந்த பிறகே, தாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதை எல்லையோர மக்கள் அறிந்தனர். பஞ்சாபில் கொலைகளும் தீவைப்புகளும் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர் என மதிப்பிடப்படுகிறது. இறந்தோர் பற்றிய மதிப்பீடுகள் இரண்டு இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை வேறுபடுகின்றன. உயிரிழந்தோரைச் சரியாக எண்ணக்கூட எவரும் மிஞ்சவில்லை என்பதையே இந்த இடைவெளி எனக்கு உணர்த்துகிறது.

கேட்கப்படாத சம்மதம்

இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இப்பகுதிதான். கலவரங்களின்போது எல்லையின் இரு புறத்திலும் பெண்கள் கடத்தப்பட்டனர். இந்தியப் பக்கத்தில் கடத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள் 50,000 பேர் எனவும், பாகிஸ்தான் பக்கத்தில் கடத்தப்பட்ட இந்து, சீக்கியப் பெண்கள் 33,000 பேர் எனவும் அரசாங்கக் கணிப்புகள் தெரிவித்தன. 1947 டிசெம்பரில் இரு அரசுகளும் இப்பெண்களை மீட்டு ஒப்படைக்க உடன்பட்டன. 1949 இல் இந்தியா இதற்கெனத் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றியது.

"கடத்தப்பட்டவர்" யார் என்பதற்கு அச்சட்டம் தந்த வரைவிலக்கணம் கவனத்துக்குரியது. ஆணாயின் பதினாறு வயதுக்குக் குறைந்தவர். பெண்ணாயின் எந்த வயதினரும். 1947 மார்ச் முதலாம் திகதிக்குப் பின்னர் குடும்பத்தைப் பிரிந்து, வேற்று மதத்தவருடன் வாழக் காணப்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணை அவ்வரைவிலக்கணத்தின் கீழ் பொலிஸார் அழைத்துச் செல்லலாம். தகராறு எழுந்தால் அரசு நியமித்த தீர்ப்பாயம் முடிவு செய்யும். அவளைத் தடுத்து வைத்திருப்பதை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது. அவளது சம்மதம் பெறப்பட வேண்டும் என்ற ஏற்பாடு அச்சட்டத்தில் இருக்கவில்லை.

இவ்வரிகளை நான் பலமுறை வாசித்தேன். எனக்கு வயது பதினேழு. என் வயது ஆணொருவன் அச்சட்டத்தின் முன் தன் இருப்பிடத்தைத் தானே தீர்மானிக்கத் தகுந்தவன். என் வயதுப் பெண்ணுக்கும் எழுபது வயதுப் பெண்ணுக்கும் அத்தகுதி இல்லை.

மீட்கப்பட்ட பெண்கள் பலர் நரகத்திலிருந்து தப்பிய நிம்மதியோடு வீடு திரும்பினர் என்பதை மறுக்க முடியாது. அதற்காக உழைத்த சமூக சேவகிகள் போற்றுதற்குரியவர்கள். ஆனால் எல்லோர் நிலையும் ஒன்றல்ல. சிலர் அங்கே தாயாகியிருந்தனர். சிலர் திரும்பிச் சென்றால் பெற்றோர் ஏற்பரோ மாட்டாரோ என்று அஞ்சினர். அந்த அச்சம் வீணானதன்று. மகள்மாரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியும் நேருவும் பகிரங்கமாக வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. விரும்பாதவளை வலிந்து அனுப்புவது சரியா என்று அரசியல் நிர்ணய சபையிலேயே சில உறுப்பினர்கள் கேட்டனர். ஆயினும் சட்டம் நிறைவேறி 1957 வரை நடைமுறையிலிருந்தது. முதலில் கடத்தியவன் அவளைக் கேட்கவில்லை. பின்னர் மீட்டவர்களும் கேட்கவில்லை. அவளது மதமே அவளது நாட்டைத் தீர்மானித்தது.

கோடு நகர்ந்துகொண்டே இருந்தது

பிரிவினையின் பின்னரும் அதே அளவுகோல் புதிய இடங்களில் புதிய பிணக்குகளை உண்டாக்கியது. ஜுனாகத் சமஸ்தானத்தின் ஆட்சியாளர் முஸ்லிம். மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர் பாகிஸ்தானுடன் இணைந்தார். இந்தியா அதனை ஏற்கவில்லை. காஷ்மீரின் ஆட்சியாளர் இந்து. மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர் இந்தியாவுடன் இணைந்தார்; பாகிஸ்தான் அதனை ஏற்கவில்லை. ஓரிடத்தில் மக்களையும் மற்றோரிடத்தில் மன்னரின் கையொப்பத்தையும் ஆதாரம் காட்டி இரு நாடுகளும் வாதாடின. காஷ்மீர்ப் பிணக்கு இன்றுவரை தீரவில்லை. 1960 இல் செய்துகொண்ட சிந்து நதி நீர் உடன்படிக்கை பல போர்களைத் தாண்டி நிலைத்தது; அதனையும் 2025 ஏப்ரலில் இந்தியா இடைநிறுத்தி வைத்தது.

மதம் ஒன்றே ஒரு நாட்டைச் சேர்த்து வைத்திருக்கப் போதும் என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. பாகிஸ்தானின் கிழக்கும் மேற்கும் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் இடைவெளியில் இருந்தன. உருதுவே அரச மொழி என்றபோது வங்காளிகள் எதிர்த்தனர். 1952 பெப்ரவரி 21 இல் டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டு இறந்தனர். நாம் கல்லூரியில் கொண்டாடும் சர்வதேச தாய்மொழி தினம் அவர்களின் நினைவு நாளே. 1971 இல் பெரும் இரத்தக்களரியின் பின் பங்களாதேஷ் பிறந்தது. அப்போது, 1947 இல் பீஹார் முதலிய இடங்களிலிருந்து முஸ்லிம் நாட்டை நாடி வந்த உருது பேசுவோர் மீண்டும் அந்நியராயினர். முகாம்களில் முடங்கிய அவர்களின் குடியுரிமையை 2008 இல்தான் பங்களாதேஷ் நீதிமன்றம் உறுதி செய்தது.

இதனை வாசிக்கும்போது நம் நாட்டின் 1990 நினைவுக்கு வராமல் இராது. கிழக்குப் பாகிஸ்தானில் மதம் ஒன்றாயிருந்தும் மொழி பிரித்தது. நமது வடக்கில் மொழி ஒன்றாயிருந்தும் மதம் பிரித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் 70,000 இற்கும் அதிகமான வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் பேசிய தமிழ் அவர்களைக் காக்கவில்லை. எந்த அடையாளத்தை எல்லையாக்கினாலும் இன்னோர் அடையாளம் அதனுள் இன்னோர் எல்லையைக் காண்கிறது.

இந்தியாவில் எஞ்சிய முஸ்லிம்கள் 1951 குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 3.5 கோடி. அவர்களும், பாகிஸ்தானில் எஞ்சிய இந்துக்களும் தம் நாட்டுப்பற்றை அடிக்கடி நிரூபிக்க வேண்டியவர்களாயினர். 2019 இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் குடியுரிமை பெறும் வழியை இலகுவாக்கியது. முஸ்லிம்கள் அப்பட்டியலில் இல்லை. இலங்கையும் அந்நாடுகளுள் இல்லை என்பதால், தமிழகத்தில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் அதில் இடமில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் மதம் குடியுரிமையின் ஒரு நிபந்தனையாக நிற்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பிரிவினை நிகழாதிருந்தால் எல்லாம் நலமாயிருந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. அவ்வாறு உறுதி கூற எவராலும் முடியாது. சிறுபான்மையினரின் அச்சத்தைப் பெரும்பான்மையினர் காலத்தோடு செவிமடுக்காவிட்டால், கோடு கிழிப்பதே ஒரே வழி என்ற எண்ணம் வளரும் என்பதும் இதே வரலாறு தரும் பாடமே. பாதுகாப்பை எல்லை தருமென நம்பிச் சென்றவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை.

எனினும் மாணவிகளாகிய நாம் ஒரு கேள்வியைப் பழகிக்கொள்ளலாம். ஒரு சமூகத்தைப் பற்றிய எந்தத் தீர்மானத்தை வாசித்தாலும், "இதில் அவர்களிடம் கேட்டார்களா? யாரிடம் கேட்டார்கள்? பெண்களிடம் கேட்டார்களா?" என்று பார்ப்போம். "அவர்கள் எல்லோரும் அப்படித்தான்" என்று வீட்டிலோ வகுப்பிலோ யாரேனும் பேசும்போது, அவர்கள் என்றால் யார் என்று கேட்போம். பெற்றோர்களே, அக்கேள்வியை எங்கள் பிள்ளைத்தனம் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

சீக்கியரின் குருநானக் தம் இறுதிக் காலத்தைக் கழித்த கர்தார்பூர், எல்லையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் பாகிஸ்தானுக்குள் அமைந்துவிட்டது. இந்தியப் பக்கத்துப் பக்தர்கள் பல ஆண்டுகள் எல்லையில் நின்று தொலைநோக்கியினூடாக அத்தலத்தைப் பார்த்து வணங்கினர். 2019 நவம்பர் 9 இல் இரு நாடுகளும் உடன்பட்டு, விசாவின்றிச் சென்று வர ஒரு பாதையைத் திறந்தன. 2025 மே மாத மோதலின்போது இந்தியப் பக்கத்தில் அப்பாதை மூடப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் உள்ள ஓர் இடத்துக்குப் போக 72 ஆண்டுகள் காத்திருந்தவர்கள், மீண்டும் காத்திருக்கத் தொடங்கினர்.