அத்தையிடம் வருஷம் கேட்காதீர்கள்

திண்டிவனத்தில் இருக்கும் என் பெரிய அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்பா வழியில் பழங்கதை தெரிந்தவர் இப்போது அவர்தான். விழுப்புரத்திலிருந்து அவ்வப்போது பஸ் ஏறிப் போய் எழுதி வருகிறேன்.

வருஷம் கேட்டால் ஒன்றும் பெயராது. "தாத்தா எப்ப நிலம் வாங்கினாரு அத்தை?" என்றால், "அதையெல்லாம் யாருப்பா எழுதி வச்சா?" என்பார். "பாண்டிச்சேரி வெள்ளக்காரன் கையில இருந்தப்பவா, அப்புறமா?" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எல்லையில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். நிலம் வாங்கியபோது அந்தத் தொல்லை போய்விட்டதாம், ஆனால் நயா பைசா இன்னும் வரவில்லையாம். பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. நடுவே இரண்டரை வருஷம்தான்! அதற்குப் பிந்திய காலத்துக்கு, எம்.ஜி.ஆர். சுடப்பட்ட 1967 பொங்கல் சமயம் நல்ல அடையாளம். அதை மறந்த பெரியவர்களை நான் பார்த்ததில்லை.

இந்தக் குறுக்கல் காசையும் மிச்சப்படுத்தும். பத்திரம் தொலைந்த வீடுகளில் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் தேட வேண்டும். எத்தனை வருஷத்துக்குத் தேடச் சொல்கிறோமோ அதற்கேற்பக் கட்டணம். பழைய தாள்களில் விழுப்புரம் மாவட்டம் என்று தேடாதீர்கள். அது 1993இல் பிரிந்தது. அதற்கு முன் எல்லாம் தென்னாற்காடு ஜில்லாதான், தலைநகரம் கடலூர்.

நகல் கிடைத்ததும் அலமாரியில் வைத்துவிடாமல் பெரியவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். விலை, தேதியைவிட நான்கெல்லைப் பகுதிதான் முக்கியம். கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் கிணறு என்று நான் படிக்கப் படிக்க, அத்தை ஒவ்வொரு பெயரிலும் நிறுத்தினார். வடக்குக் கிணற்றுக்காரர் எங்களுக்குத் தண்ணீர் விட்டவர். அவர் வீட்டில்தான் சின்ன அத்தையைக் கொடுக்கப் பேசினார்கள். சீர் விஷயத்தில் முறிந்துபோனது. எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் இது வந்திருக்காது. இன்னொன்று: அவர் ஏக்கர் பேச மாட்டார், காணிதான். காணிக்குச் சுமார் 1.32 ஏக்கர் என்று பெருக்கிப் பார்த்தால் பத்திரத்தோடு ஒத்துப்போகிறது.

முன்னோர் ஒருவர் தேசிங்கு ராஜா படையில் குதிரை ஏறினார் என்றும் சொல்வார். செஞ்சிப் பக்கத்துக் குடும்பங்களில் அப்படி ஒருவர் இல்லாத வீடு குறைவு! மறுத்துப் பேசுவதில்லை, அதற்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன்.

போனில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "இத எழுதிக்காதப்பா" என்றால் நோட்டை மூடிவிடுவேன். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் அவர் முழுக்கதையையும் சொல்வார். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.