உயர வீழ்தலும் உயிர் பிழைத்தலும்

உயரம் மிகுந்தோறும் வீழ்ச்சியின் கேடும் மிகும் என்பது யாவர்க்கும் உள்ள கருத்து. ஓரளவு உயரம்வரை இஃது உண்மையே, அதற்குமேல் பொருந்தாது. இதனை ஒரு மெய்ந்நிகழ்ச்சி கொண்டு ஆராய்வோம்.

1944-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இரவு, பெர்லின் நகரின்மீது குண்டு வீசித் திரும்பிய பிரிட்டிஷ் விமானமொன்று, ஜெர்மனி நாட்டின் வானில் தாக்குண்டு தீப்பற்றியது. அதன் வாற்புறத்துக் கூண்டில் இருந்த துப்பாக்கி வீரர் நிக்கலஸ் ஆல்கமேட், வயது 21. கூண்டிற்கு வெளியே வைத்திருந்த அவருடைய பாரசூட்டோ எரிந்துவிட்டது. தீயில் வெந்து மாள்வதினும் வீழ்ந்து மாள்வதே நன்றெனத் துணிந்து, ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தினின்று குதித்தார். பைன் மரக் கிளைகளினூடே வீழ்ந்து, பனியின்மேல் உயிரோடு கிடந்தார். கால் சுளுக்கியதன்றிப் பெருங்கேடு ஒன்றும் இல்லை.

இஃது எங்ஙனம் கூடும்? வீழும் பொருளைப் புவி ஈர்க்கின்றது, காற்று தடுக்கின்றது. வேகம் பெருகப் பெருகத் தடையும் பெருகும். தடை எடைக்குச் சமமானபின் வேகம் வளர்வதில்லை. கைகால் பரப்பி வீழும் மனிதனுக்கு இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதனை எய்த 500 மீட்டர் அளவு வீழ்ச்சியே போதும். ஆதலின் அதற்கு மேற்பட்ட உயரம் வேகத்தை மிகுவிப்பதில்லை.

மேலும், கொல்வது வேகமன்று. வேகம் திடீரென அழிதலே. வினாடிக்கு 55 மீட்டர் வேகம் 10 சென்டிமீட்டர் தூரத்தில் அடங்குமாயின், உடல் தன் எடையைப்போல் ஏறத்தாழ 1,500 மடங்கு விசையைத் தாங்கல் வேண்டும். 5 மீட்டர் தூரத்தில் சீராக அடங்குமாயின் 30 மடங்கே. கிளைகள் வளைந்தும் முறிந்தும், பனி அமுங்கியும், அத்தூரத்தை நீட்டித் தந்தன. நீரில் வீழ்வது நலம் எனச் சிலர் எண்ணுவர். அவ்வேகத்தில் நீர் விலகி வழிவிடக் காலம் போதாது. ஆதலின் அதுவும் கடினமாகவே மோதும்.

ஆல்கமேட் கூறியதை அவரைச் சிறைப்படுத்தினோர் முதலில் நம்பவில்லை; விமானத்தின் சிதைவில் எரிந்த பாரசூட்டின் எச்சத்தைக் கண்ட பின்னரே நம்பினர். அவ்விமானத்தில் இருந்த எழுவருள் நால்வர் மாண்டனர். இவர் எங்ஙனம் பிழைத்தார் என்பதற்கு இயற்பியல் விடை தரும். அந்நால்வர் மாள இவர் ஏன் பிழைத்தார் என்னும் வினா அதன் கணக்கில் அடங்குவதன்று. முதல் வினாவிற்கு விடை தேடிக் கற்றலும், இரண்டாம் வினாவின்முன் அடங்கி நிற்றலும் மாணாக்கராகிய நமக்கு ஒருங்கே வேண்டுவனவாம்.