பச்சைக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா?

பிள்ளை பெற்ற வீடு எதுவென்று கழுதைப் பால்காரருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. வாசலில் கழுதையை நிறுத்தி, கண்ணெதிரே கறந்து, ஒரு சங்கு பாலை நீட்டுகிறார். "பச்சை உடம்பு, எதிர்ப்புச் சக்தி இருக்காது, ஒரு வாய் ஊத்துங்க" என்கிறார் பாட்டி. பாட்டியின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காய்ச்சாத அந்தப் பாலில் கிருமி வரலாம். பேரனுக்குச் சக்தியே இல்லை என்பதும் சரியல்ல.

நம்பிக்கை: பிறந்த குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது.

பிறந்த குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்தால், இதயத்தை ஒட்டிச் சில சமயம் பாய்மரத் துணி விரித்தது போல ஒரு நிழல் தெரியும். அதுதான் தைமஸ் சுரப்பி. டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் தேறி வெளிவரும் இடம் அது. உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்முடையதைவிடக் குழந்தையின் தைமஸ்தான் மிகப் பெரியது; பருவ வயதுக்குப் பின் அது சுருங்கத் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தவறியது. நோயில் நலிந்து இறந்தவர்களின் சுருங்கிய தைமஸையே அறுத்துப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள், நல்ல குழந்தையின் தைமஸைக் கண்டு "வீங்கியிருக்கிறது, மூச்சை அடைத்துவிடும்" என்று பயந்தார்கள். அமெரிக்காவில் 1920-கள் முதல் 1950-கள் வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதைச் சுருக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அந்தச் சுரப்பி எதற்கு என்பதை 1961-இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் காட்டினார். பிறந்த உடனே தைமஸை எடுத்துவிட்ட எலிக்குட்டிகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் அந்த உடல் எதிர்க்கவில்லை. கிருமித் தொற்றில் மெலிந்து செத்தன. எதிர்ப்பு ஏற்பாடு பிறக்கும்போதே அங்கே வேலை பார்க்கிறது.

நம்பிக்கை: சரி, இருக்கிறது, ஆனால் அவை முதிராத, மந்தமான அணுக்கள்.

மருத்துவப் பாடங்களிலேயே வெகுகாலம் இருந்த கருத்து இது. நம் அணுக்களை அளவுகோலாக வைத்து அளந்ததால் வந்த பிழை.

கருவில் இருக்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாயின் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதன் உடலுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றோடு சண்டைக்கு நின்றால் பிள்ளை பிழைக்குமா? கருவின் நிணநீர் முடிச்சுகளில் தாயின் அணுக்கள் தங்கியிருப்பதையும், அவற்றைத் தாக்காதபடி கருவின் ஒருவகை டி அணுக்கள் எதிர்ப்பை அடக்கி வைப்பதையும் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2008-இல் கண்டார்கள். 2010-இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. கருவின் மூல அணுக்களும் பெரியவர்களின் மூல அணுக்களும் வெவ்வேறு வகை டி அணுக்களையே உண்டாக்குகின்றன. குழந்தையின் அணு வளர்ந்து நம் அணு ஆவதில்லை, வித்தே வேறு.

பிறந்த பிறகும் இந்த நிதானம் தேவை. குடலிலும் தோலிலும் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறும் நாட்கள் அவை. கண்டதையெல்லாம் எதிர்த்தால் குழந்தையின் உடம்புதான் புண்ணாகும்.

அதற்காக அவை சும்மா இருக்கும் அணுக்களும் அல்ல. குழந்தையின் டி அணுக்கள் இன்டர்லூகின்-8 என்ற பொருளைத் தாராளமாகச் சுரந்து, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களை அழைப்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 2014-இல் கண்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரட் குழுவினர், எலிகளில் எந்த வயதில் உருவான அணு எது என்று அடையாளமிட்டுத் தொடர்ந்தார்கள். பிறந்த நாட்களில் உருவானவை எலி வளர்ந்த பின்னும் தங்கியிருந்து, கிருமி வந்ததும் முந்திக்கொண்டு பாய்ந்தன. குறை ஒன்று உண்டு: பாய்ச்சல் வேகமானது, நினைவு குறைவு. ஒருமுறை கண்ட கிருமியை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைப்பதில் பெரியவர்களின் அணுக்களே கெட்டி.

அந்தக் குறையைத் தாய் ஈடுகட்டுகிறாள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே அவளுடைய எதிர்ப்புப் புரதங்கள் பிள்ளைக்குப் போகின்றன. குறைமாதக் குழந்தைக்கு இது போதிய அளவு கிடைப்பதில்லை.

நம்பிக்கை: சீம்பால் கெட்ட பால், பீய்ச்சி விட வேண்டும்.

மஞ்சளாக, கெட்டியாக வரும் அந்தப் பால் குடலின் உட்சுவருக்குக் காவல் பூசுகிறது. ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் அதற்கு மாற்றல்ல.

நம்பிக்கை: இந்தப் பிஞ்சு உடம்பு ஊசியைத் தாங்காது.

கல்லீரல் அழற்சி பி கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால், தடுப்பில்லாத குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. பெரியவர்களில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. மேலே சொன்ன அதே நிதானம் இங்கே கிருமிக்குச் சாதகமாகிவிடுகிறது. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால், அதே அணுக்கள் அந்தக் கிருமியை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன.

நம்பிக்கை: உடம்பு சுடவில்லை, ஆகவே ஒன்றுமில்லை.

இதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. கிருமியை விழுங்கும் அணுக்களின் கையிருப்பு குழந்தையிடம் குறைவு. சீக்கிரம் தீர்ந்துவிட்டால், கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். அப்போதும் காய்ச்சல் வராமல் உடம்பு சில்லிடலாம். பால் குடிக்காது, அழுகை மெலியும், நெஞ்சு உள்வாங்கும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். திரும்ப எண்ணியும் 60-ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.