கம்ப்யூட்டர் கேம், நெட்வொர்க்கிங் பட்டப்படிப்புகள்: உள்ளே என்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வீடுகளில் இப்போது இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று கேம் டெவலப்மென்ட், மற்றது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங். பிள்ளை ஏதோ ஒரு கல்லூரியின் வண்ணக் கையேட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறது. அப்பாவின் கண் நேராகக் கடைசிப் பக்கத்துக் கட்டண விவரத்துக்குப் போகிறது. "விளையாடுவதற்கெல்லாம் ஒரு டிகிரியா?" என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஊரில் இருந்தால் விசாரிக்க ஒரு சித்தப்பாவோ, பக்கத்துத் தெரு வாத்தியாரோ இருப்பார். வெளிமாநிலத்தில் கல்லூரி ஏஜெண்ட் சொல்வதே பலருக்கு வேதவாக்காகிவிடுகிறது. ஆகவே இந்தப் படிப்புகளைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

முதலில் கேம். அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் டிஜிபென் என்ற கல்லூரி 1998ல் இதற்கென ஒரு நான்காண்டுப் பட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரில் 'கேம்' என்ற சொல்லே இல்லை. 'ரியல் டைம் இன்டராக்டிவ் சிமுலேஷன்' என்று வைத்தார்கள். ஆடுபவர் செய்வதற்கேற்ப அந்தக் கணமே மாறுகிற ஒரு போலி உலகத்தை உண்டாக்குவது என்று பொருள். படிப்பின் தன்மை அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

சினிமாத் திரையில் ஓடுவது ஏற்கெனவே எடுத்து முடித்த படம். கேமில் அப்படியல்ல. விநாடிக்கு 60 படங்கள் வீதம் அப்போதைக்கப்போது வரைந்தாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பார்க்க வேண்டும். பந்து எவ்வளவு நகர்ந்தது, சுவரில் மோதியதா என்று கணக்கிட வேண்டும். பிறகு 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் உள்ள 20,73,600 புள்ளிகளுக்கும் நிறம் கொடுக்க வேண்டும். புரோகிராம் மந்தமாக இருந்தால் ஆட்டம் திக்கித் திணறும். பையன் அடுத்த கேமுக்குப் போய்விடுவான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கோட்டையில் காவலாளி நிற்கிறான். அவன் இருக்கும் இடம் (2, 3). அவன் முகம் நேர் கிழக்கே, அதாவது (1, 0) என்ற திசையில். திருடன் (5, 7) என்ற இடத்தில் பதுங்குகிறான். காவலாளியின் பார்வை இரு பக்கமும் 60 டிகிரி விரியும் என்றால் திருடன் கண்ணில் படுவானா? ஓர் இடத்திலிருந்து மற்றதைக் கழித்தால் (3, 4) என்ற வெக்டர் கிடைக்கிறது. அதன் நீளம் 5. அதையும் (1, 0)ஐயும் ஸ்கேலார் பெருக்கல் செய்தால் 3. நீளத்தால் வகுத்தால் 0.6. 60 டிகிரிக்குக் கொசைன் மதிப்பு 0.5. 0.6 அதைவிடப் பெரிது, ஆகவே கோணம் 60க்குள் அடங்குகிறது. திருடன் மாட்டிக்கொண்டான்!

இது பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்து வெக்டர் பாடம்தான். 'இதெல்லாம் எங்கே உதவப் போகிறது' என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் அதே பாடம். மேட்ரிக்ஸ் இல்லாமல் முப்பரிமாணத்தில் ஒரு பொருளைத் திருப்ப முடியாது. நியூட்டனின் விதிகள் இல்லாமல் பந்து துள்ளாது. கேம் புரோகிராமராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கணக்கை வெறுக்கும் பிள்ளைக்கு இதை இப்போதே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

சில நிறுவனங்களின் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி ஏதாவது ஓர் எஞ்சினை இயக்கக் கற்றுக்கொடுப்பதாகவே இருக்கிறது. யூனிட்டி, அன்ரியல், கோடோ முதலியவை இத்தகைய எஞ்சின்கள். கேமுக்குத் தேவையான பொதுவேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் மென்பொருள்கள் இவை. யூனிட்டியில் சி ஷார்ப் மொழியும் அன்ரியலில் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியும் புழங்குகின்றன. இவற்றைப் பழகத்தான் வேண்டும். ஆனால் எஞ்சின் மாறும், அதன் கட்டண விதிகள் மாறும். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், லீனியர் அல்ஜீப்ரா ஆகிய நான்கும் பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அந்தப் படிப்புக்கு லட்சக்கணக்கில் பணம் கட்ட நான் யோசிப்பேன். புரோகிராம் எழுதும் ஆசை உள்ளவர்களுக்கு பி.டெக். கம்ப்யூட்டர் சயன்ஸே நல்ல அஸ்திவாரம் என்பது என் கருத்து. கேம் வேலை கிடைக்காவிட்டாலும் வேறு பத்துக் கதவுகள் திறந்திருக்கும். 'கேமிங் ஸ்பெஷலைசேஷன்' என்று பட்டத்தில் போட்டிருப்பதைவிட, தானே செய்து முடித்த இரண்டு சிறு கேம்களைக் காட்டுவது நேர்முகத் தேர்வில் அதிகம் எடுபடும்.

படம் வரையும் கை உள்ள பிள்ளைக்கு வழி வேறு. பாத்திரங்களின் உருவம், காட்சிப் பின்னணி, ஆட்டத்தின் விதிகளை வகுப்பது ஆகியவை டிசைன் துறையைச் சேர்ந்தவை. பி.டெஸ். படிப்புக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு 2015 முதல் இருக்கிறது. எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவரும் எழுதலாம். நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பாக உள்ளது.

வேலை உண்டா? உண்டு, ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. பெங்களூர், ஹைதராபாத், பூனா, மும்பை ஆகிய நகரங்களில்தான் பெரிய ஸ்டூடியோக்கள் அதிகம். பெங்களூரில் 1997ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் வெளிநாட்டுக் கேம்களுக்கு வெகுகாலம் வேலை செய்து, 2019ல் ராக்ஸ்டார் நிறுவனத்தின் கைக்குப் போனது. பூனாவின் ஒரு சிறு குழு செய்த 'ராஜி' 2020ல் வெளிவந்து வெளிநாட்டிலும் பேசப்பட்டது. பெற்றோர் பலர் கேம் என்றதும் பணம் வைத்து ஆடும் ரம்மியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது தனித் தொழில். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. அதை நம்பியிருந்த கம்பெனிகளில் பலர் வேலை இழந்தார்கள். கல்லூரிக் கையேட்டில் 'எங்கள் மாணவர்கள் சேர்ந்த நிறுவனங்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தால், அந்தப் பெயர்களில் எத்தனை அந்த ரகம் என்று பாருங்கள்.

இனி நெட்வொர்க்கிங். இதில் கவர்ச்சி குறைவு, வேலை நிதானமானது. இதன் அடிப்படையை நம் தபால் இலாகாவை வைத்தே விளக்கலாம். 1972ல் வந்த பின்கோடில் முதல் எண் 1 என்றால் டில்லிப் பக்கம், 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். டில்லியில் கடிதம் பிரிப்பவர் 600004 என்ற கவரில் மயிலாப்பூரைத் தேட வேண்டியதில்லை. முன்னெண்களைப் பார்த்துத் தென்திசை மூட்டையில் போட்டால் போதும். சென்னையில் உள்ளவர் மீதி எண்களைப் பார்த்துக்கொள்வார். ரவுட்டர் என்ற கருவி செய்வதும் இதையேதான். ஐ.பி. முகவரியின் முன்பகுதியைப் பார்த்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று தீர்மானிக்கிறது.

ஒரு பள்ளிக்கு 192.168.1 என்று தொடங்கும் 256 முகவரிகள் இருப்பதாகக் கொள்வோம். அலுவலகம், ஆசிரியர் அறை, நூலகம், கம்ப்யூட்டர் லேப் என்று நான்கு தனி வலைகள் வேண்டும். சரிசமமாகப் பிரித்தால் தலா 64. ஒவ்வொன்றிலும் முதல் முகவரி வலையின் பெயருக்கு, கடைசி முகவரி எல்லோருக்குமான அறிவிப்புக்கு. இரண்டைக் கழித்தால் 62. லேபில் 70 மெஷின்கள் இருந்தால் இடம் போதாது. அப்போது லேபுக்குப் பாதியை, அதாவது 128ஐ எழுதி, மீதியை 64, 32, 32 என்று பிரிக்க வேண்டும். பயன்படுபவை முறையே 126, 62, 30, 30. பாகப் பிரிவினை மாதிரிதான், எல்லாம் இரண்டின் அடுக்கில். இந்தக் கணக்கை ரசித்துப் போடும் பிள்ளைக்கு நெட்வொர்க்கிங் பிடிக்கும்.

நெட்வொர்க்கிங்கை மட்டுமே பெயரில் கொண்ட பட்டங்கள் குறைவு. பி.டெக். கம்ப்யூட்டர் சயன்ஸ், எலக்ட்ரானிக்ஸ், பி.சி.ஏ., பி.எஸ்ஸி. ஐ.டி. எல்லாவற்றிலும் இது ஒரு பாடம். நான்காண்டு பி.டெக். கிடைக்காதவர் மூன்றாண்டு பி.சி.ஏ.வோடு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றிதழும் வாங்கி இத்துறையில் நுழையலாம். அது மூன்றாண்டுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பயிற்சிக்கு சிஸ்கோவின் பேக்கட் ட்ரேசர் இலவசமாகவே கிடைக்கிறது. ரவுட்டர் வாங்காமலே வீட்டில் ஒரு முழு வலையைத் திரையில் கட்டிப் பார்க்கலாம். இப்போது ரவுட்டர்களைக் கையால் ஒவ்வொன்றாக அமைப்பது குறைந்து, பைதான் புரோகிராம் எழுதி மொத்தமாக அமைக்கிறார்கள். ஆகவே புரோகிராமிங்கிலிருந்து தப்பிக்க நெட்வொர்க்கிங் எடுப்பதில் பயனில்லை.

இந்த இரண்டு துறைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. டில்லியிலிருந்து சென்னை சுமார் 2,200 கிலோமீட்டர். போய்வர 4,400. நடுவில் எங்கும் தாமதமே இல்லை என்றாலும் 22 மில்லி விநாடி ஆகிவிடும். அதற்குள் திரையில் ஒரு படம் மாறி அடுத்ததும் மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும். ஆகவே எதிராளி இப்போது எங்கே இருப்பான் என்று கேம் ஊகித்து வரைகிறது. செய்தி வந்ததும் திருத்திக்கொள்கிறது. இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு இரு துறையிலும் மதிப்பு உண்டு.

பணம் கட்டும் முன் சில விஷயங்கள். பட்டம் வழங்கும் உரிமை 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றுக்கு இணையாக அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்குமே உண்டு. அனிமேஷன், கேம் நிறுவனங்கள் பல வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் தருகின்றன. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் கேளுங்கள். யு.ஜி.சி. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் டில்லி முகவரிகள் நிறைய. பி.சி.ஏ. படிப்பும் 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டது. மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால், அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்பதை மறக்க வேண்டாம்.

பிள்ளையை ஊரில் படிக்க வைக்க விரும்புபவர்களுக்கு: தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு வரை வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேட்டிவிட்டி சான்றிதழ் காட்ட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடாமல், அதற்கு முந்தின லீவிலேயே முடித்துவிடுங்கள்.

எது பிடிக்கும் என்று பிள்ளைக்கே தெரியவில்லையா? கோடோ எஞ்சின் இலவசம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, கோடை விடுமுறையில் பல்லாங்குழியைச் செய்யச் சொல்லுங்கள். குழி 14, பதினாலாவதற்கு அடுத்தது மறுபடி முதல் குழி, அதற்கு மீதி காணும் கணக்கு போதும். எந்தக் குழியில் எடுத்தால் காய் எங்கே முடியும் என்பதில் அல்காரிதம் முழுவதும் இருக்கிறது. விதிகள் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் பாட்டியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். அது சரியாக ஓடினால் அடுத்து இரண்டு கம்ப்யூட்டர்களை வீட்டு வைஃபையில் இணைத்து, ஓர் அறையில் பேத்தியும் மறு அறையில் பாட்டியுமாக ஆடும்படி மாற்றச் சொல்லுங்கள். முதல் பாதியில் பிள்ளை நேரம் மறந்து உட்கார்ந்ததா, இரண்டாம் பாதியிலா என்று கவனியுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.