வெளிச்சம் எந்தப் பக்கம்?

ஃபோட்டோஷாப்பில் லேயர் பலகத்தின் அடியிலுள்ள எஃப்எக்ஸ் குறியைத் தட்டினால் பத்து எஃபெக்ட்கள் வரிசையாக விரியும். கல்யாண ஃப்ளெக்ஸ், திருவிழா நோட்டீஸ், யூடியூப் தம்ப்நெய்ல் என்று அன்றாடம் டிசைன் செய்பவர்கள் அதிகம் கைவைப்பது அவற்றில் மூன்றில்தான்: டிராப் ஷேடோ, ஸ்ட்ரோக், பெவல் அண்ட் எம்பாஸ். இந்த மூன்றையும் ஒழுங்காகக் கையாளத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்பது என் அனுபவம். பெயர் படிக்க முடியாத பேனர்கள் பலவற்றைக் கெடுத்ததும் இதே மூன்றுதான்.

இந்த வசதி தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. லேயர்கள் 1994இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தன. அப்போதும் ஓர் எழுத்துக்கு நிழல் வேண்டுமென்றால் அதன் வடிவத்தைச் சேனலில் நகலெடுத்து, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, சற்றே நகர்த்தி, கறுப்பை நிரப்ப வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினால் அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பு, திருத்தக்கூடிய எழுத்தையும் லேயர் எஃபெக்ட்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. எழுத்தை மாற்றினால் நிழலும் தானாக மாறியது. அச்சுக்குப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் இனிஷியலைத் திருத்தச் சொல்லிப் போன் வரும் தொழிலில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆகவே எழுத்து லேயரைக் கடைசிவரை ராஸ்டரைஸ் செய்து, திருத்த முடியாத பிக்சல் படமாக்கிவிடக் கூடாது.

எஃபெக்ட் போடத் தொடங்கும் முன் தேர்ந்த டிசைனர் பார்ப்பது படத்திலுள்ள வெளிச்சத்தை. முகத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று கவனித்தாலே திசை தெரிந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் ஆங்கிள் என்பது வெளிச்சம் வரும் பக்கத்தைக் குறிக்கிறது. 120 டிகிரி என்றால் இடது மேல்புறம், 60 என்றால் வலது மேல்புறம். யூஸ் குளோபல் லைட் கட்டத்தில் டிக் இருந்தால், ஓரிடத்தில் கோணத்தை மாற்றும்போது அதைப் பின்பற்றும் எல்லா லேயர்களிலும் கோணம் மாறும். டிக்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு லேயருக்கும் ஒரு கோணம் வைத்தால், ஒரே பேனரில் தலைப்பின் நிழல் வலப்பக்கமும் படத்தின் நிழல் இடப்பக்கமும் விழும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ ஒட்டவில்லை என்பது கண்ணில் பட்டுவிடும்.

நிழலின் நிறம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மஞ்சள் பின்னணியில் அடர்ந்த காவி, நீலப் பின்னணியில் கருநீலம் என்று பின்னணியிலிருந்தே ஓர் அடர்நிறத்தைத் தேர்ந்தால் நிழல் இயல்பாக அமரும். 2015இல் வந்த சிசி பதிப்பிலிருந்து ஒரே லேயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிராப் ஷேடோ போடலாம். எஃபெக்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டினால் போதும். பொருளை ஒட்டிச் சிறிய, அடர்ந்த நிழல் ஒன்று. அதற்கு அப்பால் பரந்த, மெல்லிய நிழல் இன்னொன்று. இந்த இரண்டும் சேரும்போது கிடைக்கும் ஆழம் ஒற்றை நிழலில் வராது.

நிற்கும் மணமக்களின் கட்-அவுட்டுக்கு மட்டும் டிராப் ஷேடோவை அப்படியே விடக் கூடாது. அது அவர்களைச் சுவரில் ஒட்டிவைத்ததுபோல் காட்டும். லேயரிலுள்ள எஃபெக்ட் மீது வலது கிளிக் செய்து கிரியேட் லேயர்ஸ் கொடுத்தால் நிழல் தனி லேயராகப் பிரியும். அதை டிஸ்டார்ட் செய்து தரையில் படுக்கவைத்து, காலிலிருந்து விலக விலக மங்கச் செய்தால் ஆள் தரையில் நிற்பார். பிரித்த நிழலை மறுபடி எஃபெக்டாக மாற்ற முடியாது. அதனால் மூல லேயரின் நகல் ஒன்றை ஒளித்துவைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் எழுத்தில் ஸ்ட்ரோக் போடும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ன, இ எல்லாவற்றிலும் உள்ளே சிறு வெற்றிடம் உண்டு. பொசிஷனை அவுட்சைடு என்று வைத்தால் கோடு எழுத்தின் வெளிப்புறத்தில் மட்டும் வளராது, சுழியின் உள்ளேயும் வளரும். சுழியின் வெற்றிடம் 20 பிக்சல் அகலம் என்றால் 10 பிக்சல் ஸ்ட்ரோக்கே அதை முழுக்க அடைத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் இப்படித்தான் கீழுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்க்கும்போது ‘ன்’ எது, ‘ண்’ எது என்றே தெரியாது. மிகச் சிறிய சுழியின் அகலத்தை முதலில் அளந்து, ஸ்ட்ரோக்கை அதில் நான்கில் ஒரு பங்குக்குள் நிறுத்துவது என் வழக்கம். அப்போது பாதி அகலமாவது மிஞ்சும். அதற்கும் மேல் தடிமன் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால் எழுத்துருவைத்தான் மாற்ற வேண்டும்.

பெவலிலும் அளவுதான் விஷயம். ஓர் எழுத்துக்கோட்டின் தடிமனில் பாதிக்கு மேல் சைஸ் போனால் இரண்டு பக்கச் சரிவுகளும் நடுவில் முட்டிக்கொண்டு கூர்முகடாகிவிடும். பொன்னெழுத்துக்கு அந்த முகடு அழகு. முகவரிக்கும் தேதிக்கும் அது வேண்டவே வேண்டாம். அங்கே பெவல் போடாமல் விடுவதே சரி.

ஓப்பாசிட்டி, ஃபில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஓப்பாசிட்டியைக் குறைத்தால் எஃபெக்டும் சேர்ந்து மங்கும். ஃபில்லைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் எழுத்தின் நிறம் மட்டும் மறைந்து ஸ்ட்ரோக்கும் பெவலும் நிற்கும். கண்ணாடி எழுத்தும், புகைப்படத்தின் மீதான வாட்டர்மார்க்கும் இப்படித்தான் பிறக்கின்றன.

மாஸ்க் போட்ட லேயரில் ஸ்ட்ரோக் மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றியும் ஓடும். பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ் என்பதை டிக் செய்தால் அப்படி ஓடாது.

அளவு மாற்றும் இடத்தில்தான் நல்ல டிசைன்கள் பல கெடுகின்றன. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் எழுத்தை இரண்டு மடங்காக்கினாலும் 6 பிக்சல் ஸ்ட்ரோக் 6 பிக்சலாகவே நிற்கும். வலது கிளிக்கில் வரும் ஸ்கேல் எஃபெக்ட்ஸில் 200 சதவீதம் கொடுக்க வேண்டும். அல்லது முன்பே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்டைலும் சேர்ந்தே வளரும். முழு ஃபைலையும் இமேஜ் சைஸில் பெரிதாக்கும்போது ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட இயலாதவர்களும் இதையெல்லாம் பழகலாம். பிரவுசரிலேயே இயங்கும் ஃபோட்டோபியா, பி.எஸ்.டி. ஃபைலை லேயர் ஸ்டைல்களோடு திறக்கும். இலவச மென்பொருளான கிம்ப், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து, போட்ட எஃபெக்டைப் பின்னர் திருத்தவும் இடம் தருகிறது.

எதில் செய்தாலும் அச்சகத்துக்கு ஃபிளாட்டன் செய்த பிரதியை அனுப்புங்கள். லேயர்கள் உள்ள மூல ஃபைலை, வாடிக்கையாளர் பெயரும் தேதியும் போட்டு, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.