12 கிராம் உயிரைப் படமெடுக்க

ஒன்ராறியோவில் சனவரி மாதத்துக் காடு வெறிச்சென்று கிடக்கும். எங்கிருந்தோ ஒரு "டீ-டீ" குரல் கேட்டால் கருந்தலைச் சிக்கடி பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நம் ஊர்ப் பட்டாணிக்குருவியின் குடும்பம்தான். எடை 12 கிராம் அளவில் இருக்கும். வெளியே மைனஸ் 20 டிகிரி. அதன் உடம்புக்குள் ஏறத்தாழ 42. இரவில் ஆற்றலை மிச்சம் பிடிக்க, தன் உடற்சூட்டைச் சுமார் 10 டிகிரி குறைத்துக்கொள்ளும். அப்படியும் பகலில் தின்று சேர்த்த கொழுப்பு விடிவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். பனியில் சிறுபறவைகளைப் படமெடுக்கப் போகிறவர் முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் துரத்தி அது வீணாகப் பறந்தால், அந்தச் செலவு அன்றிரவுக்கான சேமிப்பிலிருந்து போகிறது.

ஆகவே நான் பின்தொடர்வதில்லை, காத்திருக்கிறேன். அல்கோன்குவின் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் குளிர்காலத்தில் தீவனத் தட்டுகள் வைப்பார்கள். அதுபோன்ற இடங்களில் தட்டையே குறிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கடி தட்டில் தங்காது. ஒரு விதையைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போய், கால்களால் அதை அழுத்திப் பிடித்து அலகால் கொத்தி உடைக்கும். லென்ஸ் பார்க்க வேண்டியது அந்தக் கிளையை. பின்னணியில் இருண்ட ஊசியிலை மரங்கள் அமைந்தால் இன்னும் நல்லது.

அதன் குரலையும் கவனியுங்கள். சிக்கடிகள் தமக்கு ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை "டீ" ஒலிகளின் எண்ணிக்கையால் உணர்த்துகின்றன என்று 2005இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. என்னைப் பார்த்து "டீ"க்கள் கூடினால், மறுபேச்சின்றிப் பின்வாங்குவேன்.

இனி ஒளி. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெண்பனி அழுக்காக விழுவது அதனால்தான். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. முட்டினால் சிக்கடியின் வெள்ளைக் கன்னத்தில் இறகே தெரியாது. அதைவிடச் சிக்கலானது கண். கறுப்புத் தொப்பிக்குள் கறுப்புக் கண். ஒரு புள்ளி ஒளி அதில் விழாவிட்டால் முகமே இல்லாத பறவையாகிவிடும். மெல்லிய மேகம் மூடிய நாள்களை நான் விரும்புவது இதற்காகவே. தரையிலுள்ள பனி ஒளியைக் கீழிருந்து மேலே அனுப்பும். வயிற்றின் இளம்பழுப்பும் துலங்கும். தலை வானை நோக்கிச் சற்றே திரும்பும்வரை பொறுத்திருந்து எடுங்கள். நிழலிலுள்ள பனி நீலம் பாயும் என்பதால் ரா கோப்பாக எடுத்தால் பிறகு சரிசெய்யலாம்.

பனி பொழியும்போது ஷட்டர் வேகம் 1/1600 வைத்தால் துகள்கள் புள்ளிகளாக நிற்கும். 1/200இல் கோடுகளாக இழுபடும். எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும், பனி விழுவதைப் படத்தில் உணர முடிகிறது. விதை உடைக்கும் பறவை இடையிடையே அசையாமல் நிற்கும் என்பதால் அந்த வேகமே போதும். தானியங்கிக் குவியம் முன்னால் விழும் துகள்களைப் பிடித்துக்கொள்ளாமலிருக்க, ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள்.

காருக்குள் இருந்தபடி எடுப்பவர்கள் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். சன்னல் வழியே வெளியேறும் சூடான காற்று குளிர்காற்றோடு கலந்து அலையடிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் கூர்மையாக வராது. உபரி பேட்டரிகள் சட்டையின் உள்பையில் இருக்கட்டும், குளிரில் அவை விரைவில் சோர்ந்துபோகும். மெல்லிய கையுறைக்கு மேல் தடித்தது ஒன்று.

வீட்டுக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து இறுக மூடிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டின் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸின் மேல் நீராகப் படியும். ஓரிரு மணி நேரம் கழித்து, பை அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறக்கலாம். மெமரி கார்டை மட்டும் முன்பே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், படங்களைப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.